ரத்தம் எடுத்த அன்று உடம்பில் என்ன மருந்து இருந்தது?

ஏபிஎஸ் என்று சுருக்கிச் சொல்கிற ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் எனக்கு இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலமே சில ஆன்டிபாடிகளை உண்டாக்கி, உறையக் கூடாத இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கிற கோளாறு. லட்சம் பேரில் 50 பேருக்கு இருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். இது என்ன செய்யும், மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவர்கள் நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். என் காலமும் காசும் கரைந்தது அதற்கு முந்தைய கட்டத்தில், ரத்தப் பரிசோதனையில்தான். ஒரு ரிப்போர்ட் என் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்றது. இன்னொன்று அளவுக்கு மீறி உறையும் என்றது. வேறொன்று பெரிதாக ஒன்றுமில்லை என்றது. எது ஏன் அப்படி வந்தது என்று எனக்கு விளங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று நினைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டும்.

எல்லாம் பித்தப்பைக் கல்லில் ஆரம்பித்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்து, வழக்கமான ரத்தப் பரிசோதனைகளை எடுத்தார்கள். அதில் ஏபிடிடி என்று ஒன்று. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குழாயில் வைத்துப் பார்ப்பது. எனக்கு அது இருக்க வேண்டியதைவிட நன்றாகவே நீண்டிருந்தது. ‘கத்தி வைத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம்’ என்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைத்தார்கள். அடுத்து ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர்களைப் பரிசோதித்தார்கள். ஃபாக்டர் 8, 9, 11 எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவு என்று வந்தது. ஹீமோபிலியா குடும்பமா என்று கேட்டார்கள். அப்பா, அம்மா, அண்ணன் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சின்ன வயதில் அடிபட்டால் ரத்தம் நிற்குமா என்று விசாரித்தேன். யாருக்கும் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. காய்கறி நறுக்கக்கூடக் கை நடுங்கியது. விழுந்து அடிபட்டுவிடக் கூடாது என்று நடைப்பயிற்சியை விட்டேன். வேலைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தேன்.

அப்படிக் கிடந்த நாட்களில்தான் இடது கெண்டைக்கால் வீங்கியது. தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொட்டால் சூடு, காலை ஊன்றினால் வலி. அக்கா வந்து பார்த்துவிட்டு, “ரெண்டு காலும் ஒரே மாதிரியாடி இருக்கு?” என்று கேட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக் கட்டி. உறையாத ரத்தம் என்று பெயர் வாங்கியவளுக்கு ரத்தக் கட்டி! எனக்கு வந்தது கோபம்தான். அழுகையெல்லாம் அப்புறம்.

இந்த முரண்பாட்டின் விளக்கம் பிறகு கிடைத்தது. முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். ஏபிடிடி பரிசோதனையில் ரத்தம் உறைவதற்கு பாஸ்போலிப்பிட் என்கிற கொழுப்பைக் குழாயில் சேர்க்கிறார்கள். உறையும் வேலை அந்தக் கொழுப்பின் மேல்தான் நடக்கிறது. என் ஆன்டிபாடிகள் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வேலை நடக்க இடமில்லாததால் குழாயில் ரத்தம் உறையத் தாமதமாகிறது. உடம்புக்குள்ளோ அதே ஆன்டிபாடிகள் ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டுக் கட்டி உண்டாக வழி செய்கின்றன. ஃபாக்டர்கள் எல்லாம் குறைவாகத் தெரிந்ததற்கும் இதுவே காரணம். அந்தப் பரிசோதனையும் ஏபிடிடி முறையிலேயே நடப்பதால் ஆன்டிபாடி அதிலும் குறுக்கிடுகிறது.

இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. நம் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோடு சரிபாதி ஆரோக்கியமான பிளாஸ்மாவைக் கலந்து மறுபடி நேரம் பார்ப்பார்கள். ஏதாவது ஃபாக்டர் குறைவாக இருந்தால், கலந்ததும் அது ஈடாகி நேரம் சரியாகிவிடும். தடுக்கிற பொருள் ஒன்று நம் ரத்தத்தில் இருந்தால், கலந்த பிறகும் நேரம் நீண்டே இருக்கும். மிக்ஸிங் டெஸ்ட் என்கிறார்கள். செலவும் குறைவு. என் விஷயத்தில் அதைச் செய்யாமலே விலை அதிகமான ஃபாக்டர் பரிசோதனைகளுக்குப் போய்விட்டார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஏபிடிடி நீண்டிருக்கிறது என்று வந்தால், ரத்தக்கசிவு எதுவும் இதுவரை இருந்ததில்லை என்றால், “மிக்ஸிங் டெஸ்ட் பார்த்தாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் மருந்தை ஏற்றினார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏன் கட்டி வந்தது என்று தேட ஒரு மூட்டை பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அதில் ஏபிஎஸ்ஸுக்கான பரிசோதனைகள் மூன்று. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ். ஆன்டி கார்டியோலிபின் ஆன்டிபாடி எல்லைக்கோட்டில். பீட்டா 2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடி நெகட்டிவ். வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்ஸபான் மாத்திரை கொடுத்து, 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். ரிப்போர்ட்டில் லூபஸ் என்று இருந்ததால் நோய் எதிர்ப்பு மண்டலம் உடம்பையே தாக்குகிற லூபஸ் நோயே எனக்கு வந்துவிட்டது என்று நினைத்து, நானாகவே போய் அதற்கான ஏஎன்ஏ பரிசோதனை எடுத்து, நெகட்டிவ் என்று வந்த பிறகும் நம்பாமல் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆன்டிபாடி இருப்பவர்களில் பலருக்கு லூபஸ் இல்லை. யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

12 வாரம் என்ற இடைவெளிக்குக் காரணம் உண்டு. சாதாரணக் காய்ச்சல், வைரஸ் தொற்று வந்தால்கூட இந்த ஆன்டிபாடிகள் கொஞ்ச காலத்துக்குத் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. நிலைத்து நிற்பவைதான் கவலைக்குரியவை. 1999-ல் வெளியான அளவுகோலில் 6 வாரம் என்று இருந்ததை 2006-ல் 12 வாரமாக நீட்டினார்கள். அதனால் முதல் ரிப்போர்ட்டை வைத்து ஒருவருக்கு ஏபிஎஸ் என்று முடிவு கட்ட முடியாது. எனக்கு அந்த 12 வாரமும் நரகமாக இருந்தது. சாதாரணத் தலைவலிக்கும் மூளையில் கட்டியோ என்று தோன்றும். மூச்சு வாங்கினால் நுரையீரலுக்குப் போய்விட்டதோ என்று தோன்றும்.

நாள் வந்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன். அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷம் வேறு. முதல் முறை நெகட்டிவாகவோ எல்லைக்கோட்டிலோ வந்தவற்றை விட்டுவிட்டு, பாசிட்டிவாக வந்த லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டை மட்டும் திரும்பப் பார்க்கச் சீட்டு எழுதியிருந்தார்கள். மறுபடியும் பாசிட்டிவ். “உறுதியாயிடுச்சு, வாழ்நாள் முழுக்க மாத்திரை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சந்திப்பு முடிய நான் காத்திருந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

அக்காதான் விடவில்லை. வாழ்நாள் முழுக்க என்றால் இன்னொருத்தரையும் கேட்போம் என்றாள். ரத்தவியல் மருத்துவர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்தோம். அவர் முடிவுகளைப் பார்க்கவே இல்லை. தேதிகளைப் பார்த்தார். “முதல் ரத்தம் எடுத்தப்ப ஹெபாரின் ஓடிக்கிட்டு இருந்துதா? ரெண்டாவது எடுத்த அன்னைக்கு மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க? ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு?” என்று வரிசையாகக் கேட்டார். காலை சாப்பாட்டோடு மாத்திரை, அது முடிந்து கொஞ்ச நேரத்தில் ரத்தம். “அப்படின்னா இந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் வச்சு நான் எதுவும் சொல்ல முடியாதும்மா” என்றார்.

அவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். இந்த நோய்க்கு மூன்று ஆன்டிபாடி பரிசோதனைகள். ஆன்டி கார்டியோலிபினும் பீட்டா 2 கிளைகோபுரோட்டீனும் ஆன்டிபாடியின் அளவையே நேராக எடைபோடுபவை. ரத்தத்தை இளக்கும் மருந்து எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவற்றைப் பார்க்கலாம். மூன்றாவதான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அப்படி இல்லை. அது ஆன்டிபாடியை நேரடியாகப் பார்க்காமல், ரத்தம் உறையும் நேரத்தை வைத்து ஊகிக்கிறது. ஆகவே உறைதலைப் பாதிக்கும் எந்த மருந்தும் அதைக் குழப்பும். அதில் முக்கியமான முறை டிஆர்விவிடி. கண்ணாடி விரியன் பாம்பின் விஷத்தை நீர்த்துப் பயன்படுத்துகிறார்கள்! அந்த விஷம் ஃபாக்டர் 10-ஐ நேராகத் தூண்டிவிடும். ரிவராக்ஸபான் செய்வதோ தூண்டப்பட்ட அதே ஃபாக்டர் 10-ஐத் தடுப்பது. இரண்டும் ஒரே இடத்தில் மோதுவதால், ஆன்டிபாடி துளியும் இல்லாதவருக்குக்கூடப் பாசிட்டிவ் என்று வரலாம். ஹெபாரினைச் சமாளிக்கப் பரிசோதனை மருந்திலேயே ஒரு முறிப்பான் சேர்த்திருப்பார்கள், ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரினும் குழப்பும். உடம்பில் அழற்சி இருந்து சிஆர்பி என்கிற புரதம் ஏறியிருந்தால் அதுவும் ஏபிடிடி முறையைக் குழப்பும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொன்னார். புதிதாகக் கட்டி உண்டான நாட்களில் ஆன்டிபாடிகளின் அளவு தற்காலிகமாகக் குறைவாகத் தெரியலாம். ஆக, எனக்கு எல்லைக்கோட்டிலும் நெகட்டிவாகவும் வந்த இரண்டும்தான் கட்டாயம் திரும்பப் பார்த்திருக்க வேண்டியவை. பார்த்ததோ மாத்திரையோடு பார்த்தால் பயனில்லாத ஒன்றை.

பேச்சின் நடுவில் அவர், “எப்பவாவது விடிஆர்எல் பாசிட்டிவ்னு வந்திருக்கா?” என்று கேட்டார். பக்கத்தில் கணவர். எனக்கு உடம்பு சில்லிட்டது. மகளைச் சுமந்துகொண்டிருந்தபோது எடுத்த பரிசோதனையில் விடிஆர்எல் லேசான பாசிட்டிவ் என்று வந்தது. பால்வினை நோயான சிபிலிஸுக்கான பரிசோதனை அது. உறுதி செய்ய எடுத்த டிபிஎச்ஏ நெகட்டிவ். “ஒண்ணுமில்ல, சில பேருக்கு இப்படி வரும்” என்று அத்தோடு முடித்துவிட்டார்கள். வீட்டில் அத்தனை சுலபமாக முடியவில்லை. டிபிஎச்ஏ ரிப்போர்ட் வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வந்த பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. யார் யாரைச் சந்தேகப்பட்டோம் என்பது இருவருக்கும் தெரியும். டாக்டர் சொன்னார், விடிஆர்எல்லில் பயன்படுத்தும் பொருளில் கார்டியோலிபின் இருக்கிறது, என் ஆன்டிபாடி அதோடு ஒட்டியிருக்கும் என்று. அதாவது அத்தனை வருஷத்துக்கு முன்பே என் ரத்தம் இதைச் சொல்லியிருக்கிறது. வெளியே வந்ததும் கணவர், “அப்ப கேட்டிருக்கணும்” என்றார். யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணமில்லாமல் விடிஆர்எல் பாசிட்டிவ் வந்து டிபிஎச்ஏ நெகட்டிவ் ஆகியிருந்தால் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதை மட்டும் வைத்து ஏபிஎஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டியோ கருச்சிதைவோ நேர்ந்தால், அதுவும் மருத்துவர் கண்ணில் பட வேண்டிய துப்பு.

மறுபடி முதலிலிருந்து. அளவுகளைப் பார்க்கும் இரண்டு பரிசோதனைகளுக்கும் உடனே ரத்தம் கொடுத்தேன். இரண்டிலும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி 80 யூனிட்டுக்கு மேல். 2023-ல் வெளியான புதிய அளவுகோலில் 40 முதல் 79 வரை மிதமானது, 80-க்கு மேல் அதிகம். ஐஜிஎம் என்ற இன்னொரு வகை மட்டும் ஏறியிருந்தால் அதற்கு இப்போது குறைந்த மதிப்பெண்தான். இந்த எண்கள் எலைசா என்கிற ஆய்வக முறைக்கானவை. வேறு கருவியில், வேறு முறையில் பார்த்த எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. அதனால் திரும்பப் பார்க்கும்போது அதே லேப், அதே முறை என்று பிடிவாதமாக இருங்கள். நான் இடையில் மலிவாக இருக்கிறது என்று வேறு இடத்தில் கொடுத்த ஒரு ரிப்போர்ட்டை டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார். அந்தப் பணமும் போனது.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டுக்கு அவர் வேறு வழி செய்தார். சில நாட்களுக்கு ரிவராக்ஸபானை நிறுத்தி, குறைந்த மூலக்கூறு எடை ஹெபாரின் ஊசிக்கு மாற்றினார். கடைசி ஊசி போட்டு 12 மணி நேரமாவது ஆன பிறகு, அடுத்த ஊசிக்கு முன் ரத்தம். மாத்திரையை உறிஞ்சி எடுக்கும் கரிப்பொருளை மாதிரியில் சேர்த்துப் பார்க்கிற லேப்களும் உண்டு. எது உங்களுக்குச் சரி என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். பரிசோதனைக்காக ஒரு வேளை மாத்திரையை நீங்களாகத் தவிர்க்காதீர்கள். கட்டி வந்த காலோடு அது விளையாட்டில்லை.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பதையும் வேண்டாம் என்றார். நீல மூடிக் குழாயில் சிட்ரேட் இருக்கும், ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்று கோடு வரை நிரம்ப வேண்டும். பாதிக் குழாய் என்றால் முடிவு பிசகும். பிறகு 4 மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் வைத்து இரண்டு முறை சுழற்றி, தட்டணுக்களை அநேகமாக முழுதும் நீக்க வேண்டும். தட்டணுக்களின் மேற்பரப்பிலும் பாஸ்போலிப்பிட் இருப்பதால், அவை மிஞ்சினால் ஆன்டிபாடி அவற்றோடு ஒட்டிக்கொண்டு, பரிசோதனையில் அகப்படாமல் நெகட்டிவ் என்று வந்துவிடும். மாதிரி வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்? பரிசோதனை நடக்கிற அதே கட்டடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். ரத்தம் எடுத்த பெண்ணிடம் என்ன மருந்து, கடைசியாக எப்போது என்று எழுதிக்கொடுத்தேன். அவர் அதைப் படிவத்தில் ஒட்டிவைத்துவிட்டு, “எல்லாரும் இப்படிக் குடுத்தா எங்களுக்கு நல்லது” என்றார்.

மூன்றும் பாசிட்டிவ். 12 வாரம் கழித்து மீண்டும் மூன்றும் பாசிட்டிவ். ‘அப்படியானால் முதலில் சொன்னதும் சரிதானே, எதற்கு இத்தனை பாடு?’ என்று என் கணவர் கேட்டதைப் போலவே நீங்களும் கேட்கலாம். நோயின் பெயர் மாறவில்லை, மருந்து மாறியது. மூன்றும் பாசிட்டிவாக இருப்பவர்கள்தான் அதிக ஆபத்துள்ள பிரிவு. அப்படிப்பட்ட 120 பேரிடம் ரிவராக்ஸபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட டிராப்ஸ் என்ற ஆய்வு 2018-ல் வெளியானது. ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களில் 7 பேருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. வார்ஃபரின் பக்கம் ஒருவருக்கும் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமையும் இத்தகைய நோயாளிகளுக்கு அந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. எனக்குக் கொடுத்திருந்தது அதே மாத்திரை. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் மட்டும் பாசிட்டிவ் என்று கோப்பு மூடப்பட்டிருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை. இதைக் கேட்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது வார்ஃபரின். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏபிஎஸ் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது. கருவுற நினைக்கும் பெண்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், வார்ஃபரின் ஆரம்ப மாதங்களில் கருவைப் பாதிக்கும், ஆஸ்பிரினும் ஹெபாரினுமாக மாற்றிக்கொடுப்பார்கள். பித்தப்பைக் கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, தொந்தரவு செய்தால் எடுக்கலாம் என்கிறார்கள். அப்போது கொடுக்க டாக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறார். என் ஏபிடிடி நீண்டிருப்பது ரத்தக்கசிவுக்கான அறிகுறி இல்லை என்றும், ஹெபாரின் ஏற்றினால் ஏபிடிடியை வைத்து அளவு பார்க்காமல் ஆன்டி 10ஏ பரிசோதனையை வைத்துப் பார்க்கவும் என்றும் அதில் இருக்கிறது. அதன் படம் கைபேசியில் எப்போதும் உண்டு, கணவர் கைபேசியிலும்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். காப்பீட்டில் சேராத பரிசோதனைகளுக்கு மட்டும் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போயிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பயன்படாத ரிப்போர்ட்டுகளுக்கு. கடைசியாக வாங்கியது, விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே ஐஎன்ஆர் பார்க்கிற கருவி. அது 4-க்கு மேல் காட்டியது. பதறிப்போய் லேபில் நரம்பில் எடுத்துப் பார்த்தால் 2.6. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருப்பவர்களிடம் அந்தக் கருவிகள் சில சமயம் கூட்டிக் காட்டும், நம்பி மாத்திரையைக் குறைத்தால் ஆபத்து, முதலில் லேப் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டுமாம். எனக்கு ஒத்துப்போகவில்லை. அக்காவின் மாமனார் இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறார். கருவியை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு அது சரியாகவே காட்டுகிறது.